பேனரில் ஏறிய புருவம்

“வேணாம்னா வேணாம் மதினி, நான் சொல்றதக் கொஞ்சம்…”

“நீ என்னத்தச் சொல்றது? நெத்தி என் நெத்தி…”

“நெத்தி ஒங்களுதுதான், கத்தி யாருது? அறுபது வயசுல போயி…”

“அம்பத்தெட்டு!”

“சரி, அம்பத்தெட்டு. அம்பத்தெட்டு வயசுல புருவத்தத் தூக்கிக் கட்டப் போறேன்னா ஊரு என்ன…”

“ஊரா வந்து எனக்கு பஸ்ஸு போர்டப் படிச்சுச் சொல்லுது? போன வாரம் ஆரப்பாளையத்துல திண்டுக்கல் பஸ்ஸுல ஏறி ஒக்காந்துட்டேன். கண்டக்டர் பய ‘எங்க போகணும் அப்பத்தா’ங்கிறான். செக்கானூரணிங்கிறேன். பஸ்ஸே சிரிச்சுச்சு. பரவையில எறக்கிவிட்டுட்டுப் போயிட்டான், வெறுங்கூடையோட நிக்கிறேன். அப்ப எங்க போச்சு ஒன் ஊரு?”

அண்ணாநகரில் அந்த ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் கூடத்தில் இத்தனையும் நடந்தது. எதிர் வரிசையில் தாடையில் கட்டுப் போட்டிருந்த மனிதர் தன் வலியை மறந்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டீஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு குரலைத் தணித்தாள். அன்னக்கொடி தணிக்கவில்லை. இந்த வரப்பில் நின்று அந்த வரப்புக்காரியிடம் பேசிப் பழகிய தொண்டை அது. அதற்கு ஏசி அறையும் ஒன்றுதான், வெட்டவெளியும் ஒன்றுதான்.

அன்னக்கொடி, பாண்டீஸ்வரியின் கணவன் வெள்ளைத்துரைக்கு அக்கா. செக்கானூரணிக்கு மேற்கே அப்பன் விட்டுப்போன நிலத்தில் கத்திரியும் வெண்டையும் போட்டு, பரவை மார்க்கெட்டுக்கு அனுப்பித் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவள். அவளுடைய புருவமும் அப்பன் கொடுத்ததுதான். சின்ன வயதிலேயே வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். வயது ஏற ஏற அது இறங்கி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி இன்னும் இறங்கி, இப்போது ஓட்டுக்கூரையின் இறவாரம் மாதிரி இமைமேல் வந்து உட்கார்ந்துவிட்டது. சிரித்தால்கூட அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பது போலிருக்கும். எதையாவது படிக்க வேண்டுமென்றால் இரண்டு விரலால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாள்.

“கண்ணாடிய மாத்திப் பாக்கலாம்ல மதினி?”

“எறவாரம் மறைக்கிறதுக்குக் கதவ மாத்தச் சொல்றியே, நீயும் ஒரு படிச்ச பொம்பள.”

எதிரிலிருந்தவர் தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இந்தா பாரு பாண்டீசு,” அன்னக்கொடி இப்போதுதான் குரலை இறக்கினாள். “எனக்கு ஒண்ணும் குமரி மூஞ்சி வேணாம். ஒம் மகன் கல்யாணத்துல பேனர்ல இருந்தேன்ல? அது போதும். அந்த மூஞ்சியத் தரச் சொல்லு.”

இந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து பாண்டீஸ்வரி சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். சண்டை ஓயாமல் நடந்தால் பேனர் பேச்சு வராது என்று ஒரு நினைப்பு.

தை மாதம் மகன் சூரியபிரகாஷுக்குக் கல்யாணம். மதுரைப் பக்கம் கல்யாணத்துக்குத் தாலி எடுக்க மறந்தாலும் பேனர் அடிக்க மறக்க மாட்டார்கள். யார் படம் மேலே, யார் படம் கீழே, யாருக்குக் கைகூப்பிய படம், யாருக்குக் கூலிங்கிளாஸ் படம் என்பதில் பங்காளிகள் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட கதையெல்லாம் உண்டு. மாப்பிள்ளையின் அத்தை படம் மேல் வரிசையில்தான் வந்தாக வேண்டும். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் பாண்டிராஜின் பிளக்ஸ் கடையில் புருசனும் பெண்டாட்டியுமாகப் போய் உட்கார்ந்தார்கள். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு முகமாக ஏறியது. அன்னக்கொடியின் முகம் ஏறியதும் பாண்டிராஜ் சுட்டியை நிறுத்தினான்.

“அக்கா, இவுகளுக்கு வேற படம் இல்லையா?”

“அவுக எடுத்ததே ஆதாருக்கும் ரேஷன் கார்டுக்குந்தான். எல்லாத்துலயும் இதே மூஞ்சிதான் தம்பி.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். சம்பந்தி வீட்டார் டவுன்காரர்கள், பார்த்துப் பார்த்துப் பேசுகிறவர்கள். பத்திரிகை வைத்து வைத்துக் காலெல்லாம் வீக்கம். எல்லாம் சாக்குதான், நரம்பில்லாத நாக்குக்குச் சாக்கா கிடைக்காது?

“எளவு வீட்டுக்கு வந்த மூஞ்சி மாதிரியில்ல இருக்கு. கல்யாணப் பேனரா, கண்ணீர் அஞ்சலிப் பேனரான்னு சம்பந்தி வீட்டாளுக கேக்கப் போறாக. அந்தப் புருவத்தக் கொஞ்சம் தூக்கிவிடு தம்பி.”

பாண்டிராஜ் சிரித்தான். பக்கத்து ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்த வெள்ளைத்துரையும் சிரித்தான். சிரித்ததோடு விட்டானா? “ஆமப்பா, தூக்கிவிடு. அக்கா மூஞ்சியப் பாத்தா எனக்கே சோறு எறங்காது” என்றான்.

சுட்டி நகர்ந்தது. புருவம் ஏறியது. யாருக்கும் எங்கும் வலிக்கவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்து வாசலில் அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு ஊர்சனம் அசந்துபோனது. “அன்னக்கொடியா இது! மவராசி மாதிரியில்ல இருக்கா!” என்றார்கள். அதையெல்லாம் பாண்டீஸ்வரி காதில் வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். ஆனால் பந்தி முடிகிற நேரத்தில் வெளியே வந்தவள் வேறொன்றைப் பார்த்தாள். வெள்ளைத்துரை தனியாகப் பேனருக்கு அடியில் நின்று அண்ணாந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்திருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அன்னக்கொடிக்கு மாப்பிள்ளை பார்த்தது வெள்ளைத்துரைதான். அப்பன் செத்த வருசம், மீசை சரியாக முளைக்காத வயது, கூடச் சுற்றிய சேக்காளியையே கைகாட்டிவிட்டான். சேக்காளி தண்ணியிலேயே கிடந்து, தண்ணியிலேயே போய்ச் சேர்ந்தான். பிள்ளைகுட்டி இல்லாமல் அன்னக்கொடி பிறந்த வீட்டு நிலத்துக்குத் திரும்பி வந்தாள். அவள் தம்பியை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததே அவனுக்கு வினையாகிப்போனது. அக்கா வீட்டுக்கு வந்தால், “வாக்கா” என்று சுவரைப் பார்த்துச் சொல்வான். சோறு போட்டால் இலையைப் பார்த்துப் பேசுவான். அந்த இறங்கிய புருவம் அவனுக்குப் புருவமாகத் தெரிந்ததேயில்லை, தன்மேல் எழுதிய குற்றப்பத்திரமாகத்தான் தெரிந்தது.

விசேசம் முடிந்தால் பேனர் எல்லாம் மோட்டார் ரூமுக்குக் கூரையாகவும் வைக்கோல்போருக்குப் போர்வையாகவும் போகும். இந்தப் பேனரை மட்டும் வெள்ளைத்துரை சுருட்டிப் பரண்மேல் வைத்திருக்கிறான். ஏனென்று பாண்டீஸ்வரியும் கேட்கவில்லை.

“அன்னக்கொடி யாரு? உள்ள வாங்க.”

டாக்டர் ரம்யாஸ்ரீ சின்னப் பெண். இவர்கள் நுழையும்போது போனில் யாரிடமோ தன் வீட்டு மொழியில் படபடவென்று பேசி, வைத்துவிட்டு, நல்ல மதுரைத் தமிழில் ஆரம்பித்தாள்.

“ஒக்காருங்கம்மா. என்ன செய்யுது?”

“புருவம் எறங்கிப்போச்சு டாக்டரம்மா. தூக்கணும்.”

“சுகர், பிரஷர்?”

“பிரஷருக்கு மாத்திரை போடுறேன். சுகர் இன்னும் எங்க வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கல.”

டாக்டர் சிரித்துக்கொண்டே டார்ச்சை எடுத்தாள். அண்ணாந்து பார், நேராகப் பார், கண்ணை இறுக்கி மூடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். “சில பேருக்கு இமைத்தோல்தான் தொங்கும், புருவம் எடத்துல இருக்கும். ஒங்களுக்கு அப்படியில்ல. புருவமே கீழ வந்து இமையையும் சேத்து அமுக்குது. இமைய மட்டும் வெட்டுனா பத்தாது. அக்கா, நீங்க இப்படி வாங்க, கொஞ்சம் ஒத்தாசை பண்ணுங்க. நான் அளவு எடுத்துப் படம் புடிக்கணும். இந்த ரெண்டு புருவத்தையும் விரலால லேசா மேல தூக்கிப் புடிங்க.”

பாண்டீஸ்வரி எழுந்து மதினியின் பின்னால் போய் நின்றாள். இத்தனை வருசத்தில் மதினியின் முகத்தை அவள் தொட்டதில்லை. காய்ந்த மண்வாசமும் தேங்காயெண்ணெய் வாசமும் அடித்தன. விரலை வைத்துத் தூக்கினாள். தோல் இவ்வளவு லேசாக வருமென்று அவள் நினைக்கவில்லை. அன்று சுட்டிக்கு இசைந்து ஏறியது போலவே ஏறியது.

டாக்டர் கைக்கண்ணாடியை நீட்டினாள். பாண்டீஸ்வரியும் அதில்தான் பார்த்தாள். அங்கே இரண்டு கண்கள் இருந்தன. அகலமான, கொஞ்சம் குறும்பான கண்கள். வெள்ளைத்துரையின் கண்கள். அவற்றில் அழுகையும் இல்லை, எளவு வீடும் இல்லை.

“இதாரு?” என்று அன்னக்கொடி கண்ணாடியைக் கேட்டாள். பிறகு, “ஏ பாண்டீசு, அமுக்காத, நகம் குத்துது” என்றாள்.

பாண்டீஸ்வரி கையை எடுத்தாள். புருவம் இறங்கி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தது.

“இதுக்கு நாலஞ்சு வழி இருக்கும்மா,” டாக்டர் ஒரு தாளில் முகத்தை வரைந்து காட்டினாள். “ஒண்ணு, முடிக்குள்ளயே சின்னச் சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, உள்ளாற இருந்து தூக்கிக் கட்டுறது. தழும்பு முடிக்குள்ள மறைஞ்சிரும். ஆனா ஒங்களுக்கு நெத்தி ஏறிக் கெடக்கு. அதச் செஞ்சா நெத்தி இன்னும் மேல போகும்.”

“இப்பவே நெத்தியில கோலம் போடலாம்.”

“ரெண்டாவது, இந்தக் காதுலருந்து அந்தக் காது வரைக்கும் தலைக்கு மேல வெட்டித் தூக்குறது. பழைய முறை. மேல மரத்துப்போகும். நான் ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன். மூணாவது, காதுக்கு மேல நெத்திப்பொட்டுப் பக்கம் முடியோரமா வெட்டி, புருவத்து வால மட்டும் தூக்குறது. கொஞ்சமா எறங்குனவுகளுக்கு அது போதும், ஒங்களுக்குப் பத்தாது. நாலாவது, புருவத்துக்கு மேலயே அளந்து தோல எடுத்துட்டுத் தைக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டே செஞ்சிரலாம். ஒங்களுக்கு இதுதான் நல்லாத் தூக்கும். ஆனா புருவத்துக்கு மேல ஒரு கோடு இருக்கும். நாளாக நாளாக மங்கும், ஒரேயடியா மறையாது.”

“நெத்திச் சுருக்கத்தோட அதுவும் ஒரு சுருக்கமாக் கெடந்துட்டுப் போகுது. ஊசி ஒண்ணு இருக்காமே, போட்டா ஏறிருமாமே?”

“அது நாலு மாசத்துக் கூத்து. திரும்பத் திரும்பப் போடணும். ஒங்க புருவத்துக் கனத்துக்கு ஏறவும் ஏறாது.” டாக்டர் பேனாவை வைத்தாள். “இதுல எதச் செஞ்சாலும் வீக்கம் இருக்கும், கன்னிப்போகும். ஒரு பக்கம் ஒசந்து ஒரு பக்கம் தணிஞ்சும் போகலாம். நரம்புல பட்டுருச்சுன்னா கொஞ்ச நாளைக்கு நெத்திய அசைக்க முடியாது, அபூர்வமா அப்படியே நின்னும் போகலாம். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் வரணும். பழைய போட்டோ ஏதும் இருக்கா? புருவம் முன்ன எங்க இருந்துச்சுன்னு பாக்கணும்.”

அன்னக்கொடி முந்தியில் முடிந்திருந்த போனை எடுத்தாள். புருவத்தை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தள்ளித் தள்ளிப் படத்தைத் தேடினாள். பாண்டீஸ்வரி சுவரில் மாட்டியிருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றி எலும்பு, கன்ன எலும்பு. அங்கே புருவமே கிடையாது. நிம்மதியான படம்.

“இதுதான். இம்புட்டு வேணும்.”

டாக்டர் படத்தைப் பெரிதாக்கினாள், சிறிதாக்கினாள். “அம்மா, இது எடுத்த படம் இல்ல. கம்ப்யூட்டர்ல தூக்குனது. பாருங்க, புருவம் ஏறியிருக்கு, அது ஏறுனா நெத்திச் சுருக்கம் மாறணும், அது அப்படியே கெடக்கு. நெசத்துல இம்புட்டுத் தூக்குனா நீங்க கண்ண மூடித் தூங்க முடியாது. எப்பப் பாத்தாலும் ‘ஐயோ என்ன ஆச்சு’ன்னு கேக்குற மாதிரி இருப்பீங்க. இத யாரு மாத்துனது?”

பாண்டீஸ்வரிக்கு ‘நாந்தான்’ என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி வந்தது, நின்றது, போனது.

“பிளக்ஸ் கடையில மாத்துனது டாக்டரம்மா. எனக்குத் தெரியும்” என்றாள் அன்னக்கொடி, மழை பெய்தது தெரியும் என்பது போல.

“தெரிஞ்சுமா கேக்குறீங்க?”

“கடையில கத்திரிக்காயத் தொடைச்சு அடுக்கித்தான் வைப்பாக. வாங்குறவளுக்குத் தெரியாதா என்ன? வீட்டுக்குக் கொண்டாந்தா பாதி சொத்தை இருக்கும்னு தெரிஞ்சுதான வாங்குறோம். அம்புட்டு வேணாம், அதுல பாதி தூக்குங்க.”

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இத எல்லாருகிட்டயும் கேப்பேன், ஒங்களையும் கேக்குறேன். யாருக்காகம்மா செஞ்சுக்கிறீங்க?”

“பாதி பஸ்ஸு போர்டுக்கு.”

“மிச்சம் பாதி?”

அன்னக்கொடி முந்தியின் முடிச்சைப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள்.

“எனக்கு ஒரே ஒரு தம்பி. அவன் என் மூஞ்சிய நேராப் பாத்து எம்புட்டோ வருசமாச்சு. நான் அழுகுறேன்னு நெனைக்கிறான். நான் அழுகல டாக்டரம்மா. அழுது முடிச்சு ரொம்ப நாளாச்சு. எனக்குச் சோத்துக்கு இருக்கு, காடு இருக்கு, ராத்திரி படுத்தா தூக்கம் வருது. இதச் சொன்னா நம்ப மாட்டேங்கிறான், மூஞ்சி வேற சொல்லுதே. கல்யாணத்தன்னைக்கு அந்தப் பேனரப் பாத்துக்கிட்டே நின்னான். பந்தியில கை கழுவப் போனவ பாத்தேன். அப்படி என்னையப் பாக்கணும் அவன். படத்த இல்ல, என்னைய. அம்புட்டுத்தான்.”

டாக்டர் பாண்டீஸ்வரியைப் பார்த்து, “தம்பிக்கு இது தெரியுமா?” என்றாள்.

“தெரியாது. கண்ணு டெஸ்ட்டுன்னு சொல்லிட்டு வந்தோம்” என்றாள் பாண்டீஸ்வரி. அந்த அறைக்குள் அவள் பேசிய முதல் பேச்சே பொய்யைப் பற்றியதாக இருந்தது.

“ரத்த டெஸ்ட் எழுதித் தாரேன். எடுத்துட்டு, நல்லா யோசிச்சு, அடுத்த வாரம் வாங்க. மனசு மாறுனா வராமலும் இருக்கலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

வெளியே வெயில் தகித்தது. ஆட்டோவுக்கு நின்றார்கள். ஆஸ்பத்திரிப் படிக்கட்டின் நிழலில் அன்னக்கொடி உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். பாண்டீஸ்வரி உட்கார்ந்தாள்.

“மதினி.”

“ம்.”

“அந்தப் பேனரு…”

“நீதான் மாத்தச் சொன்ன. அதுவும் தெரியும். பெரிசா ஒரு படம் போட்டுக்குவோம்னு அந்தக் கடைக்குப் போனேன். அந்தப் பாண்டிராஜ் பய, ‘அத்தே, நல்லா வந்திருக்கா? பாண்டீஸ்வரி அக்காதான் சொன்னாக’ன்னு சந்தோசமாச் சொன்னான். என்ன சொன்னான்னு கேட்டேன். மொதல்ல மென்னு முழுங்குனான். பெறகு சொல்லிட்டான்.”

பாண்டீஸ்வரி காதைப் பொத்திக்கொள்ள நினைத்தாள், பொத்தவில்லை.

“எளவு வீட்டு மூஞ்சின்னியாமே.”

“வாய்க் கொழுப்பு மதினி. கல்யாண அலுப்புல என்னமோ… என்னைய ரெண்டு அறை அறைஞ்சிருங்க. இப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்து கொல்லாதீங்க. நான் மட்டும் அன்னைக்கு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு நீங்க கத்திய வச்சுக்கிறேன்னு வந்து நிப்பீகளா? இந்தக் கையிலதான உள்ள தூக்கிப் புடிச்சேன். அப்பத்தான் பாத்தேன். அவுக கண்ணு மதினி, அப்படியே அவுக கண்ணு. எதையாவது சொல்லித் திட்டுங்க.”

அன்னக்கொடி திட்டவில்லை. சிரித்தாள். அழுகையை அடக்கிக்கொள்வது போலத்தான் இருந்தது அந்தச் சிரிப்பும். அது வெறும் சிரிப்புதான் என்று பாண்டீஸ்வரிக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

“அட கிறுக்கு. நாத்தனா மூஞ்சியத் தம்பி பொண்டாட்டி பழிக்காம எதுத்த வீட்டுக்காரியா பழிப்பா? நீ வேற வீட்டுலருந்து வந்தவ, ஒனக்கு எம் மூஞ்சி மூஞ்சிதான். நீ சொன்னதுல எனக்கு ஒரு முள்ளும் தைக்கல. ஒன்னையப் பத்தி நான் மார்க்கெட்டுல எம்புட்டுப் பேசியிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?”

பாண்டீஸ்வரிக்குக் கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. நெஞ்சிலிருந்த கல் பாதி இறங்கியது. மீதி பாதி இறங்காமல் அங்கேயே நின்றது. அந்த மீதிக்கு ஒரு ஸ்டூலும் ஒரு டீ கிளாசும் ஒரு ஆம்பளைச் சிரிப்பும் இருந்தன.

ஒரு ஆட்டோ வந்து வேகம் குறைத்தது. அன்னக்கொடி கையைக் காட்டவில்லை. அது போய்விட்டது. இரண்டு விரலால் புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் போர்டைப் படிப்பது போல, பாண்டீஸ்வரியின் முகத்தை அவள் நேராகப் பார்த்தாள்.

“அந்தப் பாண்டிராஜ் பயட்ட இத மட்டும் நான் கேக்கல, பயந்துகிட்டு வந்துட்டேன். நீ நெசத்தச் சொல்லு பாண்டீசு. அப்படிச் சொன்னப்ப, என் தம்பி பக்கத்துல இருந்தானா?”